நாய் வளர்ப்பு: குட்டிப் பருவம் முதல் முதுமை வரை உணவும் பராமரிப்பும்

(உடப்பில் கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



கறவைப் பசுவைப் பற்றியும், ஆட்டைப் பற்றியும், கோழியைப் பற்றியும் இத்தகைய கூட்டங்களிற் பல முறை பேசப்பட்டிருக்கின்றது. இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் உங்களிற் சிலர் புன்னகை செய்தீர்கள். பால் தராத, முட்டையிடாத, சந்தையில் விலைபோகாத ஒரு பிராணிக்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் இரவில் உங்கள் வாடியைக் காப்பது எது? வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு நீங்கள் உறங்குவது எதன் தைரியத்தில்? தென்னந்தோட்டத்திற்குள் அந்நியன் கால் வைத்தால் முதலிற் குரல் கொடுப்பது எது? இவற்றை எண்ணிப் பார்த்தால், நாயும் நமது பண்ணைப் பிராணிகளுள் ஒன்றே என்பது விளங்கும்.

மேலும், நாயைப் பற்றிப் பேசுவதற்கு உங்கள் ஊரைப்போற் பொருத்தமான ஊர் வேறில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் இங்கே திரௌபதையம்மன் கோயிலில் விழா எடுத்துத் தீ மிதிக்கிறீர்கள். பாரதக் கதை உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதன் முடிவிலே தருமர் இமயமலை ஏறிச் செல்லுகையில், உடன் வந்தோர் யாவரும் வழியில் வீழ்ந்துவிட, ஒரு நாய் மாத்திரம் அவரைப் பின்தொடர்ந்தது. நாயை விட்டுவிட்டு வந்தாற் சுவர்க்கம் கிடைக்கும் என்று கூறப்பட்டபோது, என்னை நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த நாயே தருமதேவதை என்று கதை முடிகிறது. நம்பி வந்த பிராணியைக் கைவிடாமை தருமம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தருமத்தை அறிவோடு செய்வது எப்படி என்பதை மாத்திரம் இன்று கூறுகிறேன்.

கடற்கரை நாயின் நிலை

உடப்பு, மேற்கே கடலும் கிழக்கே கால்வாயுமாக அமைந்த ஊர். கரைவலை இழுக்கும் மாதங்களில், கழிக்கப்பட்ட மீனும் குடலும் கரையெங்கும் கிடக்கும். நாய்கள் அவற்றைத் தின்று வயிறு நிறைக்கின்றன. அதைக் கண்டு, நாய்க்குத் தனியே உணவிட வேண்டியதில்லை என்று நாம் இருந்துவிடுகிறோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசி, கடல் கொந்தளித்து, கரைவலை ஓய்ந்துபோகும் மாதங்களில் அதே நாய்கள் எதைத் தின்னும்? பசித்த நாய்கள் கூட்டங் கூடுகின்றன. கோழிக் கூட்டையும் ஆட்டுப் பட்டியையும் நாடுகின்றன. காயும் கருவாட்டில் வாய் வைக்கின்றன. பின்னர் நாம் அவற்றைக் கல்லால் அடிக்கிறோம். இதிற் பிழை நாயினுடையதன்று. ஆண்டு முழுவதும் ஒழுங்காக உணவிட்டு வளர்க்கப்படும் நாய் வீட்டோடு நிற்கும்.

ஆகவே முதலாவது விதி இது: உங்களாற் பன்னிரண்டு மாதமும் சோறிட முடிந்த எண்ணிக்கைக்கு மேல் நாய் வளர்க்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு நன்கு வளர்க்கப்பட்ட நாய் ஒன்று, அரைப்பட்டினியான நாய் ஐந்தினும் மேலானது.

சினைப் பட்டியின் பராமரிப்பு

குட்டியின் நலம் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், அதாவது ஒன்பது வாரம். முதல் ஐந்து வாரத்திற்கு வழக்கமான உணவே போதும். அப்போது மிகுதியாக ஊட்டினால் பட்டி கொழுத்து, குட்டி ஈனுவதிற் கஷ்டப்படும். கடைசி நாலு வாரத்தில் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈனும் சமயத்தில் வழக்கத்தினும் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை அதிகமாகக் கொடுக்க வேண்டும். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொண்டிருப்பதால் ஒரே வேளையில் அதிகம் தின்ன இயலாது. மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே இடத்தை ஒழுங்கு செய்தல் அவசியம். காற்றடிக்காத ஒரு மூலையில், மழைத்தண்ணீர் ஏறாத சற்று மேடான தரையில், கிடுகினால் மறைப்புக் கட்டி, பழைய சாக்கை மடித்து விரித்துவிடுங்கள். சாக்கு நனைந்தால் மாற்ற வேண்டும். வெறும் மணலிற் குட்டி போடவிடலாகாது.

குட்டிகள் பிறந்தபின் தாயின் தேவை மிக அதிகரிக்கிறது. ஈன்ற மூன்றாம், நாலாம் வாரங்களிற் பாற்சுரப்பு உச்சநிலையில் இருக்கும். ஐந்தாறு குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அப்போது வழக்கமான உணவைப்போல் இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை வேண்டும். பக்கத்திலேயே நல்ல தண்ணீர் எப்போதும் இருத்தல் வேண்டும். பால் கொடுக்கும் பட்டி திடீரென இளைத்து, நடுங்கி, கால்கள் விறைத்து, தள்ளாடினால் அதைப் பேய்பிடித்ததென்று விட்டுவிடாதீர்கள். இரத்தத்திற் சுண்ணாம்புச் சத்துக் குறைவதால் உண்டாகும் ஆபத்து அது. குட்டிகளைப் பாலுண்ணாமற் பிரித்துவிட்டு, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் உயிர் போகும்.

பிறந்தது முதல் மூன்று வாரம் வரை

பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். பத்து முதல் பதினான்கு நாளிற் கண் திறக்கும். தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி முதல் வாரங்களில் அதற்கு இல்லை. ஆகையால் பசியினும் குளிரே முதலிற் குட்டியைக் கொல்லும். கடற்காற்று இரவில் நேரே படும் இடத்தில் ஈன்ற குட்டிகள் காலையில் இறந்துகிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

முதல் ஒரு நாளிற் சுரக்கும் சீம்பாலில் நோயெதிர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு குட்டியும் அன்றைக்கே முலையைப் பற்றிக் குடிக்கிறதா என்று பாருங்கள். நலிந்த குட்டியைப் பால் நிறைந்த பின் முலைகளில் வைத்துவிடுங்கள். நலமான குட்டி எட்டுப் பத்து நாளில் பிறந்தபோதிருந்த நிறையைப்போல் இரு மடங்காகும். கருவாடு நிறுக்கும் தராசிலேயே குட்டியையும் நிறுத்துப் பார்க்கலாம். பின்னர் தராசுத் தட்டைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிடுங்கள். நிறை ஏறாத குட்டி அழிவை நோக்கிச் செல்லும் குட்டி.

தாயிழந்த குட்டிக்கு வெறும் பசுப்பால் போதாது. பசுப்பாலிற் கொழுப்பும் புரதமும் நூற்றுக்கு மூன்று, நாலு பங்குதான். நாய்ப்பாலில் அவை ஏறக்குறைய இரு மடங்கு. காய்ச்சி ஆறிய பாலில் முட்டை மஞ்சட்கருவைக் கலந்து, இளஞ்சூட்டில், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கொடுப்பது அவசரத்துக்கு உதவும். தேங்காய்ப்பால் இதற்கு ஈடாகாது. குட்டியை மல்லாத்திப் பிடித்துப் பால் ஊற்றாதீர்கள். பால் நுரையீரலிற் புகுந்துவிடும். வயிறு கீழே இருக்க, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்தபின், வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் மலவாயையும் மெல்லத் துடைத்தாற்றான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும். தாய் தன் நாவினாற் செய்யும் வேலையை நீங்கள் துணியாற் செய்கிறீர்கள்.

பால் மறக்கும் பருவம்

மூன்று வாரம் முடிந்ததும் குட்டிகளுக்குத் திட உணவு பழக்கத் தொடங்கலாம். குழைய வேகவைத்த சோற்றையும், முள் முற்றாக நீக்கிய வெந்த மீனையும் சேர்த்துப் பிசைந்து, கூழ்போற் கரைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் மிதிக்கும், பின்பு நக்கும், பின்பு தின்னும். ஏழெட்டு வாரத்திற் பால் மறக்கச் செய்யலாம். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். அப்படிப் பிரித்த குட்டி உடலாலும் நலியும். அஞ்சிக் கடிக்கும் குணமும் அதற்கு வரும்.

இந்தப் பருவத்திலேயே குட்டியை மனிதருக்கும் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும். மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதை ஆயுள் முழுவதும் அஞ்சாது. தினமும் கையிலெடுத்துத் தடவிக் கொடுத்து வளர்த்த குட்டி நல்ல காவல் நாயாகும். கட்டிப்போட்டு அடித்து வளர்த்த குட்டி வீட்டாரையே கடிக்கும்.

வளரும் குட்டி

பால் மறந்த குட்டிக்கு, உடல் நிறைக்கேற்பக் கணக்கிட்டால், வளர்ந்த நாயைப்போல் இரு மடங்கு போஷாக்கு வேண்டும். வயிறோ சிறியது. எனவே பலமுறை ஊட்டுதல் அவசியம்.

2 முதல் 3 மாதம் வரை: நாளொன்றுக்கு நாலு வேளை.
3 முதல் 6 மாதம் வரை: மூன்று வேளை.
6 முதல் 12 மாதம் வரை: இரண்டு வேளை.

வெறும் சோறும் சொதியும் தின்னும் குட்டி வயிறு ஊதியிருக்கும், எலும்பு வளராது. வெறும் மீன் சதையோ இறைச்சியோ தின்னும் குட்டிக்கும் சுண்ணாம்புச் சத்துப் போதாது. கால் வளைந்து நொண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, முட்டைக் கோதினைக் கழுவி வறுத்து மாவாக இடித்து, சிறிது தூவிவிடுங்கள். விலையின்றிக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அது. மிகுதியானாலும் தீங்கே, கைக்கு வந்தபடி போடாதீர்கள்.

குட்டிக்கு 28 பாற்பற்கள் முளைக்கும். நாலாம் மாதம் முதல் அவை விழுந்து, ஏழு மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அப்போது குட்டி செருப்பையும் வலையையும் கடிக்கும். அதை அடிக்க வேண்டாம். கடிப்பதற்குத் தென்னம் மட்டைத் துண்டொன்றைக் கொடுங்கள். வலையையும் தூண்டிலையும் அதற்கு எட்டாமல் வையுங்கள். இரை ஒட்டியிருக்கும் தூண்டில் முள்ளை நாய் விழுங்கிவிடும். நூல் வாய்க்கு வெளியே தெரிந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் முள் உள்ளே தைக்கும். அப்படியே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

வளர்ந்த நாயின் தினசரி உணவு

நம் நாட்டு நாய் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ நிறை இருக்கும். 12 கிலோ நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்குரிய உணவை ஏறத்தாழ இவ்வாறு அமைக்கலாம்:

வெந்த சோறு: 300 கிராம்.
முள் நீக்கி வேகவைத்த மீன் (அல்லது இறைச்சி): 200 கிராம்.
வேகவைத்த பூசணி அல்லது கீரை: ஒரு கைப்பிடி.
தேங்காயெண்ணெய்: ஒரு தேக்கரண்டி.
முட்டைக் கோது மா: அரைத் தேக்கரண்டி.

இதை இரு வேளையாகப் பிரித்து, குறித்த நேரத்திற் கொடுங்கள். வாரத்தில் இரு நாள் மீனுக்குப் பதில் வெந்த முட்டையும் பருப்பும் சேர்க்கலாம். அரிசி விலை ஏறும் காலத்திற் குரக்கன் களியோ வற்றாளைக் கிழங்கோ சோற்றுக்கு ஈடாகும். உணவிடும் அளவு சரியா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. விலாப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எலும்பு கையிற் படவேண்டும். கண்ணுக்கு உறுத்தக் கூடாது. எலும்பு கண்ணுக்குத் தெரிந்தால் உணவைக் கூட்டுங்கள். தடவியும் அகப்படாவிட்டாற் குறையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கிலோ ஒன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வீதம், 12 கிலோ நாய்க்கு ஏறக்குறைய முக்கால் லீற்றர் தண்ணீர் தினமும் வேண்டும். வெயிற் காலத்தில் இதனினும் அதிகம். கிணற்று நீர் உவர்க்கும் இடங்களில், நீங்கள் குடிக்கும் நீரையே நாய்க்கும் வையுங்கள். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கிறது. நடுப்பகலிற் சுடுமணலில் அதைக் கட்டிப்போடுவது கொலைக்கு ஒப்பாகும். உங்கள் உள்ளங்கையை மணலில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

மீன் உணவில் விலக்க வேண்டியவை

கடற்கரையோருக்கு இப்பகுதி மிக முக்கியம். தயவு செய்து கவனித்துக் கேளுங்கள்.

முதலாவது, பேத்தை மீன். வலையிற் சிக்கியதும் வயிறு ஊதிக்கொள்ளும் இம்மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் கொடிய நஞ்சுண்டு. அந்நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. வலையிலிருந்து கழிக்கும் பேத்தையை நாம் கரையில் எறிந்துவிடுகிறோம். கடற்கரை ஊரொன்றில் நான் பணியாற்றுகையில், இரண்டாண்டு வாடியைக் காத்த ஒரு நாய், காலையில் எறியப்பட்ட பேத்தையைத் தின்று, மாலைக்குள் பின்னங்கால் விழுந்து, பின்பு முன்னங்கால் விழுந்து, கண் மாத்திரம் அசைய, மூச்சடைத்து இறந்ததை அருகிலிருந்து பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அதன் சொந்தக்காரர், ஒரு குழி தோண்டிப் புதைத்திருந்தால் இது நேர்ந்திராதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆகவே கழித்த பேத்தையைக் கரையில் விடாதீர்கள். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். அதனாற் பிழைப்பது நாய் மாத்திரமன்று, விளையாடும் பிள்ளைகளுந்தான்.

இரண்டாவது, பச்சை மீன். சூடை, சாளை, நெத்தலி ஆகிய இனங்களைச் சேர்ந்த சில மீன்களின் பச்சை உடலில், தயமின் எனப்படும் உயிர்ச்சத்தை அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து நரிப் பண்ணையொன்றிற் பச்சை மீன் தின்று வளர்ந்த நரிகள் கால் முடங்கி மடிந்தன. அதை ஆராய்ந்தபோதே இவ்வுண்மை தெரியவந்தது. நாட்கணக்கிற் பச்சை மீனையே தின்னும் நாய்க்கும் பசி மந்தித்து, நடை தள்ளாடி, வலிப்பு வரலாம். வேகவைத்தால் இப்பொருள் அழிந்துவிடும். ஒரு கொதி போதும்.

மூன்றாவது, கருவாடு. அதிலுள்ள உப்பு நாய்க்கு மிகையானது. தண்ணீர் கிடைக்காத நாய் கருவாட்டை நிறையத் தின்றால் வாந்தியெடுத்து, நடுங்கி, வலிப்புக் கண்டு இறக்கவுங் கூடும். கொடுப்பதாயின் பல முறை ஊறவைத்து உப்பிறக்கிக் கொடுங்கள்.

நாலாவது, முள்ளும் எலும்பும். பெரிய மீனின் நடுமுள்ளும், சமைத்த கோழி எலும்பும் கூர்மையாக முறிந்து குடலைக் கிழிக்கும்.

ஐந்தாவது, பூஞ்சணம் பிடித்த தேங்காய்ப் பிண்ணாக்கு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாதென்று ஒதுக்கியதை நாய்க்குப் போடுவது வழக்கம். அப்பூஞ்சணத்தின் நஞ்சு மாட்டினும் நாயின் ஈரலை விரைவிற் கெடுக்கும். இவற்றுடன் வெங்காயம், திராட்சை, சொக்கிலேற்று ஆகியவற்றையும், வீட்டிலுள்ள மனிதர் மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

புழுவும் உண்ணியும்

குட்டிக்குப் புழு வெளியிலிருந்து மாத்திரம் வருவதில்லை. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே தொற்றுகிறது. கொக்கிப் புழு தாய்ப்பாலின் வழியும் தொற்றுகிறது. எனவே இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கொரு முறையும், பின் ஆறு மாதம் வரை மாதமொரு முறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கொரு முறையும் கொடுத்தல் வேண்டும். மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. மிருக வைத்தியரைக் கேட்டுக் கொடுங்கள். தாய்க்கும் குட்டிகளுக்கும் ஒரே நாளிற் கொடுப்பது நல்லது.

இது நாயின் நலம் மாத்திரமன்று. நாய்களைத் தாக்கும் கொக்கிப் புழுக்களில் ஒன்றுக்கு நமது நாட்டின் பெயரே விஞ்ஞானப் பெயரில் இடப்பட்டிருக்கிறது. அது 1911 ஆம் ஆண்டில் இலங்கைப் புனுகுப் பூனையொன்றிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. மனிதர் குடலிலும் அது வாழக்கூடியது. நாய் மலங் கழித்த ஈர மணலிற் கொக்கிப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் தோலில் அவை புகுந்து, கோடு கோடாக ஊர்ந்து, தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கும். கருவாடு காயவைக்கும் களத்தில் நாய் அசுத்தம் செய்தால் அது உங்கள் தொழிலுக்கும் கேடு. ஆகையால் கருவாட்டைத் தரையிற் பரப்பாமற் பரண் கட்டி உயர்த்திக் காயவையுங்கள். நாயின் மலத்தை அன்றன்று அள்ளிப் புதையுங்கள்.

உண்ணியை வாரம் இரு முறை காதுமடலிலும் விரலிடுக்கிலும் தேடிப் பிடுங்குங்கள். விரலால் நசுக்காமற் சவர்க்கார நீரிற் போடுங்கள். உண்ணியினால் வரும் காய்ச்சலில் நாயின் முரசு வெளிறி, சிறுநீர் சிவக்கும். அந்நிலையில் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

தடுப்பூசிகள்

தாய்ப்பாலாற் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஆறாம் வாரத்திலிருந்து குறையத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதலூசியும், பின்னர் நாலு மாதம் ஆகும் வரை மூன்று நாலு வாரத்துக்கொரு முறையும் போட்டால், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நோயிலிருந்தும், சளியும் வலிப்புமாக வரும் டிஸ்டெம்பர் நோயிலிருந்தும் குட்டி தப்பும். பார்வோவினாற் குட்டி இறந்த வீட்டில் அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊசி போடாத புதுக் குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.

இவற்றினும் முக்கியமானது விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி. உலகத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நம் நாட்டில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இறந்தனர். அதன்பின் நாய்களுக்கு ஊசி போடும் வேலைத்திட்டம் பரவியமையால், அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஏறத்தாழ 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஊசியின் பயனுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்த இருபது பேரில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், நமக்கு அது இருபதன்று, எல்லாமே அதுதான். நோயின் குறி தோன்றிய பின்பு காப்பாற்ற மருந்தில்லை.

ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவ வழியிராது. எனவே உங்கள் நாய்க்கு மாத்திரம் போட்டால் போதாது. அயலவர் நாய்க்கும், வாடிகளைச் சுற்றித் திரியும் நாய்க்கும் போடுவியுங்கள். ஊசி போடும் நாளை அறிவித்ததும், குட்டி மிகச் சிறிதாயிற்றே என்று விட்டுவிடாமல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பின்பு ஆண்டுக்கொரு முறை திரும்பப் போடுவித்து, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

நாய் கடித்துவிட்டாற் செய்ய வேண்டியது இது: ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்போ மஞ்சளோ கோப்பித்தூளோ தடவாதீர்கள். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே கூறும் ஊசிகள் அத்தனையையும் குறித்த நாளில் தவறாது போட்டுக்கொள்ளுங்கள். சிறு கீறல்தானே, நம் வீட்டுக் குட்டிதானே என்று எண்ண வேண்டாம். பிள்ளைகள் அடிபடுவோமென்று பயந்து கடியை மறைப்பதுண்டு. நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சொல்ல வேண்டும், சொன்னால் ஏசமாட்டோம் என்று இன்றைக்கே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கடித்த நாயைக் கொல்லாமல், கட்டிவைத்து இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். அது இறந்தாலும் காணாமற்போனாலும் வைத்தியசாலைக்கு அறிவித்தல் அவசியம்.

குட்டிகளைக் கட்டுப்படுத்தல்

பெண் நாய் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்திற் பருவமடைந்து, ஆண்டுக்கு இரு முறை வேட்கை கொள்ளும். ஒவ்வொரு ஈற்றிலும் ஐந்தாறு குட்டிகள். ஆண் குட்டியை எவரேனும் கேட்டு வாங்குவர். பெண் குட்டிகளைச் சாக்கிற் கட்டிக் கடற்கரையிலோ சந்தையிலோ விட்டுவருகிறோம். இது நாம் யாவரும் அறிந்தும் பேசாத விஷயம். அவற்றிற் பல பட்டினியால் மாளும். பிழைத்தவை ஊசி போடாத தெருநாய்களாகித் திரும்பி நம் பிள்ளைகளிடமே வரும். ஒரு பெண் நாய்க்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்வித்தால் இந்தப் பாவம் முழுவதும் நிற்கும். அதனால் நாயின் காவற் குணம் குறையாது. அலைந்து திரியாமல் வீட்டோடு நிற்கும். ஆறு மாதமானதும் மிருக வைத்தியரைக் கலந்துகொள்ளுங்கள்.

முதுமை

எட்டு வயதானதும் நாய்க்கு முதுமை தொடங்குகிறது. முகம் நரைக்கும், பல் தேயும், கண் மங்கும், காது மந்திக்கும். அப்போது உணவை நன்றாகக் குழைத்து, சிறு சிறு அளவாக மூன்று வேளை கொடுங்கள். ஓட்டம் குறைவதால் சோற்றைச் சிறிது குறைத்து, மீனையும் முட்டையையும் குறையாமற் கொடுங்கள். இல்லையேல் தசை வற்றும். உப்பை அறவே தவிருங்கள். நாய் வழக்கத்தினும் அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, இளைத்தால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் ஈரத் தரையிற் படுக்கவிடாமல், காய்ந்த சாக்கும் கூரையுள்ள ஒரு மூலையும் கொடுங்கள். கண் தெரியாத நாயைத் திடீரெனத் தொடாமல், பெயர் சொல்லி அழைத்தபின் தொடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைக் கற்பியுங்கள்.

குரைக்க இயலாத நாயினால் என்ன பயன் என்று சிலர் கேட்பர். அது குரைத்த இரவுகளிலே நாம் உறங்கினோம். அந்தக் கணக்கில் நாம் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி உண்டு.

அன்பர்களே, நான் கூறியவற்றுட் பெருஞ்செலவு தரும் காரியம் ஒன்றுமில்லை. சோறு உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது. மீன் உங்கள் வலையிலேயே இருக்கிறது. அதை வேகவைத்துக் கொடுப்பதும், பேத்தையைப் புதைப்பதும், ஆண்டுக்கொரு ஊசியும், பெண் நாய்க்கு ஒரு சத்திர சிகிச்சையும் ஆகிய இந்நான்கையும் இவ்வாண்டிலேயே தொடங்குங்கள். அடுத்த ஆடி மாதத்தில் உங்கள் கோயில் வீதியிலே பாரதக் கதை கேட்க வரும் பிள்ளைகள், வழியில் நிற்கும் எந்த நாயைக் கண்டும் அஞ்சாமல் நடந்து வரட்டும்.